இடது பக்கம் இழுக்கிறது

அத்தியாயம் 14

போன் அலறிய அலறலில் அப்பாவின் கத்தரிக்கோல் ஒரு நூல் விலகிவிட்டது.

"ஐயோ, என் காது!" என்று நாற்காலியில் இருந்தவர் துள்ளினார்.

"காது பத்திரமா இருக்கு சார். முடிதான் கொஞ்சம் கூடப் போயிருச்சு" என்ற அப்பா, சீப்பால் அந்த இடத்தை அவசரமாக மூடினார். "ஏம்மா, உன் போனு! எடுத்துத் தொலையேன். இல்லைன்னா இன்னைக்கு ஒருத்தர் மொட்டையாத்தான் வீட்டுக்குப் போவாரு."

வீட்டின் முன்னறைதான் அப்பாவின் முடிதிருத்தும் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர், அந்தப் பக்கம் குடும்பம். அந்தப் பக்கத்துச் சண்டைகளை எல்லாம் இந்தப் பக்கத்துக்காரர்கள் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து போனை எடுத்தாள். பஸ் டிப்போவிலிருந்து.

"இன்னைக்கு எனக்கு லீவு" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "சாயங்காலம் கோர்ட்டு. எப்பவோ சொல்லி வச்சிருக்கேன்ல?"

எதிர்முனை கெஞ்சியது. சோதனை ஓட்டம் ஓட்டும் டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். குனிந்தவர் நிமிரவில்லையாம். ஒரே ஒரு ஓட்டம். காலையிலேயே முடிந்துவிடும்.

"எந்த வண்டி?"

பதிலைக் கேட்டவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த அப்பாவின் கத்தரியும் நின்றது.

"நீலக் கோடு போட்ட வண்டி" என்றாள் போனை வைத்துவிட்டு. "நம்ம சிட்டு பிரேக் மாட்டினது."

திரைக்குப் பின்னால் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த சிட்டு நிமிரவே இல்லை. முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு அந்த முடிச்சின் காரணம் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காக நாலு வரி.

போன வருஷம், பதினேழு வயதில், மாமா மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய புதுக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் இந்தச் சிட்டு. லைசென்ஸ் கிடையாது. யாரும் கற்றுக்கொடுத்ததும் கிடையாது. பெரிய சாலையில் ஒரு பஸ் நிழற்குடையை வேரோடு சாய்த்துவிட்டுத்தான் கார் நின்றது. அந்த நேரத்தில் நிழற்குடையில் யாரும் இல்லை. அந்த ஒன்றுக்காக அம்மா இன்றைக்கும் தனக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறாள். இருபது வருஷமாக ஒரு கீறல் கூட இல்லாமல் பஸ் ஓட்டுகிறவள் அவள்.

நீதிபதி சிட்டுவை எங்கேயும் பூட்டி வைக்கவில்லை. வட்டாரத் திட்டத்தில் சேர்த்துவிட்டார். வழக்கில் சிக்கிய பிள்ளைகளை அந்தப் பகுதி மக்களே சேர்ந்து ஒரு வேலையிடத்தில் விட்டு, வாரத்துக்கு ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து பேச வைத்து, விட்ட படிப்பையும் பிடிக்க வைக்கிற திட்டம். இடித்த நிழற்குடையைச் சிட்டுவும் அவளுடைய வட்டத்துப் பிள்ளைகளும் ஒரு வெல்டருடன் நின்று தங்கள் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். பிறகு டிப்போ. முதலில் பஸ் கழுவினாள். அப்புறம் பிரேக் பிரிவு. அங்கே கையில் கிரீஸ் பட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை.

இன்றைக்கு அந்த ஒரு வருஷத்தின் கடைசி நாள். நீதிபதிக்குத் திருப்தி என்றால் வழக்கு முடியும், பெயரில் கறை இருக்காது. டிப்போவும் அவளைப் பயிற்சி மெக்கானிக்காக எடுத்துக்கொள்ளும். ஆனால் டிப்போவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவள் தனியாக மாட்டிய பிரேக் சோதனை ஓட்டத்தில் தேற வேண்டும்.

அதில்தான் சிக்கல். அந்த டிப்போவில் எந்தக் காகிதத்திலும் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. பிரேக்கை மாட்டியவர் யாரோ, முதல் ஓட்டத்தில் அவர் வண்டியில் உட்கார வேண்டும். டிரைவருக்குப் பின் சீட். அவர் ஏறாத வண்டியை எந்த டிரைவரும் தொடமாட்டார்.

சிட்டுவோ, அந்த விபத்துக்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறியதில்லை. எங்கே போனாலும் நடைதான். டிப்போவுக்கு நடை, வகுப்புக்கு நடை, கொட்டுகிற மழையிலும் நடை. தினமும் காலையில் அம்மா தன் பஸ்ஸில் அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு குட்டி ஹாரன் அடிப்பாள். சிட்டு திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்குவாள்.

"சோதனை டிரைவர் அங்கிள்கிட்ட பேசி வச்சிருந்தேன்" என்றாள் சிட்டு ஷூவைப் பார்த்துக்கொண்டே. "மெதுவாப் போறேன்னு சொல்லியிருந்தாரு."

"அவரால இன்னைக்கு உட்காரவே முடியல, இதுல எங்க மெதுவாப் போறது" என்றாள் அம்மா. "நான் மாட்டேன்னா வேற ஆளைப் பார்ப்பாங்க. சொல்லிரட்டுமா?"

சிட்டு யோசித்தாள். "வேண்டாம். நீயே ஓட்டு."

"நீ ஏறுவியா?"

"தெரியலம்மா."

நாற்காலியில் இருந்தவர், "ஏறிரு பாப்பா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார் திரையைப் பார்த்து.

"சார், தலையை ஆட்டாதீங்க. இன்னொரு காதும் என் கையிலதான் இருக்கு" என்றார் அப்பா. பிறகு மகள் வெளியே வந்ததும் அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "அட! நேத்து கிரீம் தடவினியா?"

"மதியம் சாப்பிட்டதும் தடவினேன்பா. நீ டப்பாவைச் சாப்பாட்டுப் பையில போட்டு விட்டா வேற என்ன பண்றது?"

"அதான் பஞ்சு மாதிரி இருக்கு. எத்தனை நாளா சொல்றேன், உள்ளங்கை வெடிச்சுக் கிடக்கு, தடவு தடவுன்னு. அப்பன் பேச்சைக் கேட்டா கெட்டுப் போயிர மாட்டே."

சிட்டு சிரித்தாள். நடக்கத் தொடங்கினாள்.

*

டிப்போவின் பிரேக் பிரிவு நீளமான தகரக் கொட்டகை. அடியில் நின்று வேலை பார்க்க ஒரே வரிசையில் பள்ளங்கள். பள்ளத்தின் மேல் பஸ்கள். பிரிவின் தலைமை மெக்கானிக்குக் கொட்டகையே சேர்ந்து வைத்த பெயர் சைலன்சர். பகல் முழுக்க நாலு வாக்கியம் பேசினால் அதிகம்.

அம்மா சீருடையோடு வந்தபோது, சிட்டுவுக்கு முன்பாகவே இன்னொருவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். வட்டாரத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். முப்பது வயது இருக்கும். தன் பொறுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் விடியற்காலையில் போன் போட்டு எழுப்பிவிடுவதால் அவன் பெயர் அலாரம். ஒரு காலத்தில் அவனும் பூட்டை உடைத்து, இதே திட்டத்தின் வழியாக வந்தவன்தான். அதை அவன் மறைப்பதும் இல்லை, பெருமையாகச் சொல்வதும் இல்லை.

"அக்கா, நீங்களா டிரைவர்?" என்றான் அம்மாவிடம். "நல்லதா, கெட்டதான்னு தெரியலையே!"

"எனக்கே தெரியலப்பா."

"கோர்ட்டுக்கு எல்லாம் ரெடி. நிழற்குடை, வகுப்பு, வேலை எல்லாம் சொல்லப் போறேன். இந்த ஓட்டம் மட்டும் தேறிட்டா, நான் பேசுறதுக்கே அங்க வேலை இல்ல."

சிட்டு நடந்து வந்து சேர்ந்தாள். பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்ன, நடராஜா சர்வீஸுக்கு இன்னைக்கு லீவா?"

"உன் வாய்க்கு எப்ப லீவுண்ணே?" என்றாள் சிட்டு. ஆனால் குரல் காய்ந்திருந்தது.

பஸ்ஸின் படியருகே போய் நின்றாள். கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு காலைப் படியில் வைத்தாள். அதற்கு மேல் உடம்பு வரவில்லை.

பக்கத்துப் பள்ளத்துத் தலை மெல்ல உள்ளே போனது. சைலன்சர் கூடத் தன் வழக்கமான மௌனத்தைவிட அதிகமாக மௌனமாக இருந்தார்.

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு, இறங்கிப் போய் மகளை அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாடி கண்ணு, நான் இருக்கேன்ல என்று சொல்லலாம் போலிருந்தது. அப்படிச் சொன்னால் அவள் அழுதுவிடுவாள். அழுதால் ஏறமாட்டாள்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்தாள். வேலையிடத்துக் குரலில், முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பது போலக் கேட்டாள். "பிரேக் போட்ட மெக்கானிக் யாரு? ஏறுறீங்களா, நான் வண்டியை எடுக்கவா?"

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏறுறேன் டிரைவர்."

ஏறிவிட்டாள்.

எஞ்சின் உறுமியதும், பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறும் வரைக்கும் கத்துகிற எச்சரிக்கை பஸ்ஸர் "பீ" என்று கத்தியது. அந்தச் சத்தம் சிட்டுவுக்குப் பழக்கமானது. எப்போது நிற்கும் என்றும் தெரியும். அது நிற்கும் வரை முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நின்றதும் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

*

சோதனை ஓட்டத்துக்கு என்று டிப்போவுக்குப் பின்னால் ஒரு சாலை உண்டு. ஒரு பக்கம் குடோன்களின் சுவர், மறுபக்கம் வேலி. பகலில் ஆள் நடமாட்டமே இருக்காது.

முதல் பிரேக் மெதுவாக. வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அம்மா மூச்சை விட்டாள்.

இரண்டாவது பிரேக் கொஞ்சம் வேகத்தில். நின்றது. என் பெண் போட்ட பிரேக் என்று அவள் மனசுக்குள் ஒரு குரல் குதித்தது.

மூன்றாவது, அழுத்தமாக. குறுக்கே யாரோ வந்துவிட்டால் அடிக்கிற பிரேக். வண்டி நின்றது. ஆனால் நிற்பதற்கு முன் ஸ்டியரிங் அவள் உள்ளங்கையில் லேசாகத் திரும்பப் பார்த்தது. இடது பக்கமாக. ஒரு குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத்தான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது தெரிந்துவிட்டது.

அம்மா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கோர்ட்டு. இதைச் சொன்னால் ஓட்டம் தேறவில்லை என்று அர்த்தம். ஓட்டம் தேறாத பெண்ணை டிப்போ எப்படி எடுத்துக்கொள்ளும்? எடுத்துக்கொள்ளாத பெண்ணைப் பற்றி நீதிபதி என்ன நினைப்பார்? வண்டி நிற்கத்தானே செய்தது? நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம். நாளைக்குத் தானே சைலன்சரிடம் தனியாகச் சொல்லிவிடலாம். இன்றைக்கு ஒருநாள் மட்டும்...

இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாயைத் திறக்காமல் கியரை மாற்றினாள். திருப்பிக்கொண்டு டிப்போவுக்குப் போய்விடலாம்.

"டிரைவர்" என்றது பின்னால் ஒரு குரல்.

"ம்."

"இடது பக்கம் இழுக்குது."

அம்மா கண்ணாடியில் பார்த்தாள். சிட்டு இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு உட்கார்ந்திருந்ததாலேயே, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவள் உடம்புக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"கொஞ்சமாத்தானே" என்றாள் அம்மா.

"கொஞ்சம்தான். ஆனா இழுக்குது."

"ரோடு சரிவா இருக்கும் அந்த இடத்துல."

"ரோடு சரிவுன்னா முதல் தடவையும் இழுத்திருக்கணும்லம்மா?"

"இன்னைக்குக் கோர்ட்டு, சிட்டு."

"தெரியும்."

"வண்டி நிக்கத்தானே செஞ்சுது?"

சிட்டு கண்ணைத் திறந்தாள். "நாளைக்கு இதுல அறுபது பேர் நின்னுகிட்டுப் போவாங்க. மழை பெய்யும். அன்னைக்கும் இப்படியே கொஞ்சமா இழுக்குமா? நீயே சொல்லு."

தான் பயணிகளுக்கும் கண்டக்டர்களுக்கும் புது டிரைவர்களுக்கும் சொல்லிச் சொல்லி அலுத்த பேச்சை, தன் வீட்டுப் பெண் தனக்கே திருப்பிப் படிக்கிறாள். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

"இன்னொரு தடவை அடிச்சுப் பார்க்கறேன். கம்பியைப் பிடிச்சுக்கோ."

"அடி."

அடித்தாள். இழுத்தது.

"வலது சக்கரம் சரியாப் பிடிக்கல" என்றாள் சிட்டு. "அதான் இடது பக்கம் போகுது. என்னமோ பண்ணித் தொலைச்சிருக்கேன்."

*

வலது முன் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இழுத்து வெளியே எடுத்ததும் சைலன்சர் குனிந்தார். டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற பிரேக் லைனிங்கின் அருகே மூக்கைக் கொண்டுபோனார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து முகர்ந்தார்.

"ரோஜாப்பூ வாசனை வருது" என்றார்.

கொட்டகையே கூடிவிட்டது. ஆளாளுக்கு வரிசையாகக் குனிந்து முகர்ந்தார்கள். சந்தேகமே இல்லை, ரோஜாதான். லைனிங்கின் மேல் நாலு விரலும் ஒரு உள்ளங்கையும் பதிந்த மாதிரி ஒரு பளபளப்பு.

சிட்டு தலையில் அடித்துக்கொண்டாள். "கிரீம்!"

நேற்று மதியம் சாப்பிட்டதும் அப்பாவின் பேச்சைக் கேட்டுக் கை நிறையத் தடவியிருக்கிறாள். பிறகு ஸ்பிரிங்கை மாட்டும்போது கையுறையின் கட்டைவிரல் கிழிந்தது. இன்னொன்றை எடுத்து வர இருபது அடி நடக்கச் சோம்பல்பட்டு, வெறுங்கையாலேயே லைனிங்கைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் கிரீஸ் பட்ட லைனிங், எண்ணெய் பட்ட லைனிங் எல்லாம் பார்த்திருக்கிறது அந்த டிப்போ. அழகு சாதனம் பட்ட லைனிங்கை இன்றைக்குத்தான் பார்க்கிறது.

"இனிமே நம்ம பஸ்ஸெல்லாம் மணக்கும்" என்றது பக்கத்துப் பள்ளம்.

சைலன்சர் சிரிக்கவில்லை. "டிரைவரம்மா, இழுக்குதுன்னு நீங்க கண்டுபிடிச்சீங்களா?"

"இல்லைங்க" என்றாள் அம்மா. "அவ சொன்னா." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொல்லாம இருந்தேன். அவதான் சொன்னா" என்றாள்.

சைலன்சர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிட்டுவை. அன்றைய கணக்கில் அவருடைய மிக நீளமான பேச்சு இதுதான்:

"பிரேக்கு தேறலை. ஒரு பக்கம் மாத்தினா ரெண்டு பக்கமும் மாத்தணும். யாரும் கை வைக்கக் கூடாது, அவளே போடட்டும். போட்டு முடிச்சா இன்னொரு ஓட்டம் ஓட்டிப் பார்ப்போம். இன்னைக்கே முடியுதா, நாளைக்கா, அது அவ கையிலதான் இருக்கு."

"அந்தக் கையை முதல்ல கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றான் அலாரம். சொல்லிக்கொண்டே ஓரமாகப் போய் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போன் போட்டான். நம் வழக்கைக் கடைசியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். முடியும், ஆனால் அதற்கு மேல் ஒரு நிமிஷமும் காத்திருக்க முடியாது என்றார்கள்.

சிட்டு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவிய கையை முகர்ந்துவிட்டு இன்னொரு தடவை கழுவினாள். புதுக் கையுறை மாட்டினாள். வேலையில் இறங்கினாள்.

அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, உங்க கிரீமு என்ன காரியம் பண்ணியிருக்கு தெரியுமா?"

எதிர்முனையில் கதையைக் கேட்ட அப்பா, இருந்த வாடிக்கையாளரைப் பாதி ஷேவிங்கில் அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தார். கையில் கோர்ட்டுக்கென்று தேய்த்து வைத்திருந்த மகளின் சட்டை. பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"நான்தான் கெடுத்துட்டேனாடா?" என்றார் கடைசியில்.

பள்ளத்துக்குள்ளிருந்து சிட்டு, நிமிராமல் பதில் சொன்னாள். "கையுறையைக் கழட்டினது நான்பா. நீ எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சுக்கிற?"

"அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டுர்றேன்."

"போடாதே. கை நிஜமாவே நல்லா இருக்கு. ராத்திரி தடவிக்கிறேன்."

அப்பா மூக்கை உறிஞ்சினார். பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், பக்கத்துப் பள்ளத்துக்காரரின் கிருதாவைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்குங்க. யார் வெட்டினது?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

அம்மா மட்டும் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு தட்டைக் கழுவி வைக்கச் சொன்னால் மூன்று தடவை கூப்பிட வேண்டிய பெண். இங்கே ஒவ்வொரு போல்ட்டையும் கையால் திருகி, ஸ்பானரால் இறுக்கி, மறுபடி தொட்டுப் பார்க்கிறாள். அவசரம் தெரிந்தும் அவசரப்படவில்லை. போன வருஷம் அடுத்தவர் கார்ச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடியவளா இவள்? அவள்தான். புருவத்தில் தையல் போட்ட தழும்பு கூட அப்படியேதான் இருக்கிறது.

கடைசி நட்டை இறுக்கிவிட்டு சிட்டு மேலே ஏறி வந்தபோது, கொட்டகை வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. நீதிமன்றம் ஊரின் அந்தக் கோடியில். நடந்துபோனால் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் போய்ச்சேரலாம்.

"டாக்சி கூப்பிடவா?" என்றான் அலாரம். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று விழித்தான்.

சிட்டு கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து சைலன்சரின் பக்கத்தில் போய் நின்றாள். மெதுவான குரலில் ஏதோ கேட்டாள். சைலன்சர் யோசித்தார். தலையை ஆட்டினார்.

*

நீதிமன்றத்தின் அந்த அறை சின்னது. பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி பெஞ்சுகள். நீதிபதி அம்மையாருக்கு ஜலதோஷம். நொடிக்கு ஒரு தடவை கைக்குட்டையை எடுத்தார். அன்றைய கடைசி வழக்கு.

அம்மா சீருடையை மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்திருந்தாள். அப்பாவின் தோளில் இன்னும் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. தேய்த்த சட்டையில் நின்றாள் சிட்டு. நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை.

கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். கார்க்காரன். இந்த ஒரு வருஷமாக அக்கா வீட்டு வாசலை மிதிக்காதவன், போன் எடுக்காதவன். இவளைப் பார்த்ததும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மாமா வந்திருக்காரும்மா" என்று கிசுகிசுத்தாள் சிட்டு.

"பார்த்தேன். நேரா நில்லு."

அலாரம் எழுந்து பேசினான். நிழற்குடையைப் பற்றிச் சொன்னான். விட்ட படிப்பைப் பிடித்துத் தேர்வில் தேறியதைச் சொன்னான். வாராவாரம் வட்டத்தில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகள் பயந்துபோய் வாயே திறக்காமல் இருக்கும்போது, முதலில் சிட்டுதான் தன் கதையைச் சொல்லி அவர்களைப் பேச வைக்கிறாள் என்பதைச் சொன்னான். அது அம்மாவுக்கே புதுச் செய்தி.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிட்டுவைப் பார்த்தார். "இன்னைக்கு உன் வேலைக்குச் சோதனைன்னு சொன்னாங்களே. என்ன ஆச்சு?"

"ஃபெயில் ஆயிட்டேன் மேடம்."

அலாரம் கண்ணை மூடிக்கொண்டான். அப்பாவுக்கு இருமல் வந்தது.

"ஏன்?"

"கையுறை போடாம லைனிங்கைத் தொட்டுட்டேன். கையில கிரீம் இருந்துச்சு. வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. எல்லாத்தையும் கழட்டி மறுபடி போட்டேன். அதான் லேட்டு."

"இழுக்குதுன்னு யார் சொன்னது?"

சிட்டு வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவதான் மேடம். நான் ஓட்டினேன். எனக்கும் தெரிஞ்சுது. நான் வாயைத் திறக்கல. அவ திறந்தா."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனையோ பேர் இங்க வந்து பாஸ் ஆனேன், பாஸ் ஆனேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றார். "சரி. காரோட சொந்தக்காரர் இன்னைக்கு ஏதோ சொல்லணும்னு கேட்டு வந்திருக்கார். அவரையும் நான் கேட்கணும்."

கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. மாமா எழுந்து நின்றுவிட்டார். கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் இருங்க, உட்காருங்க. அதுக்கு முன்னாடி இவங்ககிட்ட ஒரு கேள்வி." நீதிபதி அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒரு அம்மாகிட்ட கேட்கல. டிரைவர்கிட்ட கேட்கறேன். இந்தப் பொண்ணு கையால பிரேக் போட்ட வண்டியை, இப்ப இந்த நேரத்துல, நம்பி எடுத்து நீங்க ஊருக்குள்ள ஓட்டுவீங்களா?"

அம்மா ஜன்னலைக் காட்டினாள்.

"வாசல்ல நிக்குது மேடம், நீலக் கோடு போட்ட பஸ்ஸு. ரெண்டாவது சோதனை ஓட்டமா அதுலதான் எல்லாரும் வந்தோம், எந்தப் பக்கமும் இழுக்கல. இந்தப் பக்கம் என் ரூட்டு இல்ல, நடந்து நடந்து இவளுக்குத்தான் எல்லா ரோடும் தெரியும், வழி நெடுக இவதான் முன்னாடி உட்கார்ந்து வழி சொல்லிட்டு வந்தா."